பனிக்குள் போன ராஜாமணி

படத்தில் இருந்தவருக்கு முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது.

காதர் பாட்சா அந்தச் செல்போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். மூடுபனி இறங்கிய ஒரு கடைத்தெரு. இடதுபுறம் டீக்கடை, அங்கே கிளாஸும் கையுமாக மூன்று பேர். எதிரே வரும் ஏதோ வண்டியின் முகப்பு விளக்கு, பனிக்குள் பெரிய வெள்ளை வட்டமாக விரிந்திருந்தது. அந்த வெளிச்சத்தை நோக்கி ஒரு மனிதர் ஒயர்கூடையோடு நடந்துகொண்டிருந்தார். கீழே, 'விழுப்புரத்தில் இந்த மார்கழியின் ஒரு காலை. பனிக்காலப் புகைப்படப் போட்டி, முதல் பரிசு' என்று போட்டிருந்தது.

"இவருதாங்க என் வூட்டுக்காரரு," என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த பிரபாவதி. "ராஜாமணி. நாலு வருஷமா காணோம்."

"முதுகை வெச்சு எப்படிம்மா சொல்றீங்க?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த முதுகுக்குப் பின்னாடிதான் நடந்துக்கினு வந்திருக்கேன். எனக்குத் தெரியாதுங்களா?" அவள் விரலால் படத்தைத் தொட்டாள். "இடது தோள் எறங்கி இருக்குது பாருங்க. கரும்பு லோடு ஏத்தறப்ப விழுந்தது. இந்தக் கூடை நான் போட்டது. பச்சை ஒயரு தீந்துபோயி கைப்பிடிக்கு மட்டும் சிவப்பு போட்டேன்."

காதர் பாட்சா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வாகன விபத்துகளை விசாரித்து வந்தவர். அந்த வேலையை விட்டபின் விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறார். அவருக்கு ஒரே உதவியாளர் வெண்ணிலா. பைக் ஓட்டுவது, டைப் அடிப்பது, வாயடிப்பது மூன்றும் அவள் வேலை. மூன்றாவதை யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள்.

பிரபாவதி சொன்ன கதை சின்னது. வளவனூரில் சொந்த நிலம், கரும்பும் நெல்லும். நாலு வருடத்துக்கு முன் ஒரு தை மாதத்தில், விடியும் முன்பே பாண்டிச்சேரிக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார் ராஜாமணி. திரும்பவில்லை. போன் அன்றைக்கே சுவிட்ச் ஆஃப். தம்பி முருகையன் போலீசில் புகார் கொடுத்துப் பாண்டிச்சேரி முழுக்கத் தேடினான். இந்தப் படத்தைப் போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்.

"வீட்ல சண்டை ஏதாவது?"

"குடும்பம்னா இல்லாமலா இருக்கும்."

"பசங்க?"

பிரபாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "யாரும் இல்லீங்க," என்றாள்.

கிளம்பும்போது படிக்கட்டருகில் நின்றாள். "அவரைக் கூட்டிக்கினு வர வேணாங்க. விழுப்புரத்துக்கும் வளவனூருக்கும் எவ்ளோ தூரம்? இவ்ளோ பக்கத்துல இருந்துக்கினு வீட்டு வாசல்ல காலு வைக்கல. ஏன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அது போதும்."

அவள் இறங்கிப் போனதும் வெண்ணிலா பெருமூச்சு விட்டாள். "பாய், ஊர்ல எல்லாரும் புருஷன் செல்போனைப் பார்த்துத்தான் நம்மகிட்ட வருவாங்க. முதுகைப் பார்த்து வந்த மொத கேஸு இதுதான்."

"முதுகை விடு. டீ குடிக்கிற மூணு பேரைப் பாரு. தாடையில இன்னா இருக்குது?"

வெண்ணிலா தனக்கு அனுப்பிக்கொண்ட படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். "தாடி. இல்ல பாய், மாஸ்க்கு."

"எத்தினி பேருக்கு?"

"மூணு பேருக்கும். இப்ப எவன் மாஸ்க் போட்டுக்கினு டீ குடிக்க வர்றான்? திருடன்கூடப் போடறதில்ல. கேமராவைப் பார்த்துத் தலை வாரிக்கினு போறான்."

"ராஜாமணி காதைப் பாரு."

காதுக்குப் பின்னால் வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு. அவரும் மாஸ்க் அணிந்திருந்தார்.

"அப்ப இது இந்த மார்கழி இல்ல," என்றாள் வெண்ணிலா. குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. "கொரோனா சமயத்துல எடுத்தது. அவரு காணாமப்போன அந்தத் தை மாசம்கூட அப்பத்தான்."

"அந்தம்மா முதுகை மட்டும்தான் பார்த்திருக்காங்க. கிளம்பு, படம் எடுத்தவனைப் பார்ப்போம்."

*

ஆனந்தராஜின் ஸ்டூடியோ சுவர் முழுக்கப் பனி. பனிக்குள் ரயில், பனிக்குள் பூக்காரி, பனிக்குள் கோபுரம். கல்யாணம், காதுகுத்து எடுப்பது வயிற்றுக்கு. இது மனசுக்கு என்றான். படத்தைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உற்சாகமாகப் பேசினான்.

"பனியில கேமரா ஏமாந்துடும் சார். எல்லாம் வெள்ளையா இருக்கேன்னு அதுவா வெளிச்சத்தைக் குறைச்சிடும், படம் சாம்பலா வரும். நாமதான் கொஞ்சம் ஏத்தி வைக்கணும். அப்புறம் வண்டி லைட்டு ஆளுக்கு அந்தாண்ட இருக்கணும். லைட்டு, ஆளு, நான், மூணும் ஒரே கோட்டுல வரணும். அந்த ஒரு நொடிக்காகத்தான் விடிகாலையில எழுந்து போய்க் குளிர்ல நின்னுக்கினு இருக்கறது."

"இது எங்க எடுத்தது?" என்றார் காதர் பாட்சா.

"நம்ம விழுப்புரத்துலதான் சார். போன மாசம்."

"டீக்கடை போர்டுல அடியில ஊர் பேரு இருக்குது. பனி முக்கால்வாசியை மறைச்சிடுச்சு. வ, ன, ரெண்டு எழுத்து மிச்சம். விழுப்புரத்துல ஏதுப்பா ன?"

"வனத்துறை டீக்கடையா இருக்கும் பாய்," என்றாள் வெண்ணிலா. "மான் வந்து குடிச்சுட்டுப் போகும்."

ஆனந்தராஜ் சிரிக்கவில்லை. "வளவனூர்னு இருக்கலாம் சார்."

"வளவனூர்னா வ-வுக்கு அப்புறம் னூ வரணும். இது வெறும் ன. திண்டிவனம். மூணு பேரு தாடையில மாஸ்க் வேற தொங்குது."

ஆனந்தராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இந்த வருடம் விழுப்புரத்தில் பனியே சரியாக விழவில்லை, போட்டிக்குப் புதுப் படம்தான் கேட்டார்கள், கம்ப்யூட்டரில் கிடந்த பழைய படத்தை அனுப்பிவிட்டேன் என்றான். "வேற தப்பு எதுவும் பண்ணல சார்."

"தெரியும். அன்னிக்கு எடுத்த எல்லாப் படத்தையும் காட்டு."

அவன் திரையில் வரிசையாக ஓட்டினான். வெறும் தெரு. நாய். டீக்கடை. பிறகு ராஜாமணி, வெளிச்சத்தை நோக்கி. பரிசு வாங்கிய படம். அதற்கு அடுத்ததில் வெளிச்ச வட்டம் இன்னும் பெரிதாகி, அதன் நடுவில் அவர் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தார். அதற்கும் அடுத்ததில் வெளிச்சமும் இல்லை, அவரும் இல்லை. பனியும் டீக்கடையும் மட்டும்.

"இதுல நிறுத்து," என்றார் காதர் பாட்சா.

டீக்கடையில் நின்ற மூன்று பேரும் தலையைத் திருப்பியிருந்தார்கள். மூவரும் ஒரே பக்கம். ஒருவர் கிளாஸிலிருந்து டீ வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் பாத்திரத்தை உயரத் தூக்கிப் பிடித்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்துல சத்தம் விழாது," என்றார் காதர் பாட்சா. "ஆனா சத்தம் வந்த பக்கம் தலை திரும்பும். தம்பி, அப்ப உனக்கு இன்னா கேட்டுச்சு?"

ஆனந்தராஜ் யோசித்தான். "டமார்னு ஒண்ணு கேட்டுச்சு. டயர் வெடிச்சிருக்கும்னு நெனச்சேன். எடுத்த படத்தைக் கேமராவுல பார்த்துக்கினு இருந்தேன் சார். விழுப்புரம் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். திரையில் முந்தைய படத்துக்குப் போனான். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தான்.

"இது லாரி லைட்டு," என்றான்.

அவன் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

"இந்த லைட்டு அழகா இருக்குதுன்னுதான் சார் எனக்குப் பரிசு கொடுத்தாங்க."

வெண்ணிலா அவன் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

*

மறுநாள் காலை அவர்கள் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. டீக்கடை அதே இடத்தில்தான் இருந்தது. கடைக்காரருக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது.

"பனியில ஒண்ணும் தெரியலீங்க. லாரி அடிச்சுட்டு நிக்காம போய்க்கினே இருந்துச்சு. நாங்க ஓடினோம். கொரோனா நேரம், பாதிப் பேரு கிட்ட வரப் பயந்தாங்க. ஆம்புலன்ஸ் வந்து ஏத்தறப்ப மூச்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாருன்னு சொன்னாங்க. போனு கீனு எதுவும் கிடைக்கல. யாருன்னே தெரியல. போலீஸ்காரங்க படம் காட்டி ரொம்ப நாளு விசாரிச்சாங்க."

"கையில கூடை வெச்சிருந்தாரா?" என்று கேட்டாள் வெண்ணிலா.

"ஆமாங்க. ரோடு பூராவும் மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, சிதறிக் கிடந்துச்சு. கேப்பை மாவு ஒரு பொட்டலம். அப்புறம் ஒரு சில்வர் டப்பா, தெறிச்சுத் தொறந்துக்கிச்சு. உள்ள லேகியம். அந்த வாசனை இன்னிக்கும் மூக்குல இருக்குது."

காதர் பாட்சாவுக்குப் பழக்கமான போலீஸ்காரர் ஒருவர் திண்டிவனத்தில் இருந்தார். அவர் பழைய ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டிய படத்தையும், பிரபாவதி கொடுத்திருந்த, ராஜாமணியின் முகம் தெரியும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சந்தேகம் மிச்சமிருக்கவில்லை. கேட்டு வர யாரும் இல்லாததால் நகராட்சி இடுகாட்டில் புதைத்துவிட்டார்கள். குடும்பமோ அவரைப் பாண்டிச்சேரியில் தேடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து பைக் அருகில் நின்றார் காதர் பாட்சா. "முடிஞ்சுது. இதை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பேஜாரா இருக்குது."

"முடியல பாய். பாண்டிச்சேரின்னு சொல்லிட்டு இங்க யாரைப் பார்க்க வந்தாரு?"

"வேற குடும்பம்னு சொல்லப் போறியா?"

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆனா ரகசியமா ஒருத்தியைப் பார்க்கப் போற ஆம்பளை மல்லிப்பூ வாங்கிக்கினு போவான். கேப்பை மாவு தூக்கிக்கினு போவானா?" அவள் பேச்சில் கேலி இருந்தது, முகத்தில் இல்லை. "வாசனை நாலு வருஷம் நிக்கிற லேகியம் எது பாய்? எங்கக்காவுக்குப் பிரசவம் ஆனப்ப எங்கம்மா கிண்டினாங்க, தெருவே மணத்துச்சு. புள்ளை பெத்த உடம்புக்குக் கொடுக்கறது அது. அவரு போய்க்கினு இருந்த தெருவுல அந்த சமயத்துல ஒருத்திக்குக் குழந்தை பொறந்திருக்கணும்."

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் வெண்ணிலாவே பேசினாள். கொரோனா சமயத்தில் தை மாதம் பிறந்த குழந்தை எந்த வீட்டில் என்று கேட்டதும், சவுரியம்மாள் வீடு என்று கை காட்டினார்கள். மகன் வேறு சாதியில் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த மருமகள். அவள் பக்கத்திலிருந்து இதுவரை ஒருத்தரும் வந்து பார்த்ததில்லையாம்.

கதவைத் திறந்தவளுக்குப் பிரபாவதியின் கண்கள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வளவனூர் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது, உடனே இறுகிவிட்டது.

"அப்பா அனுப்பினாரா?"

காதர் பாட்சா பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். அவள் பெயர் கலைப்பிரியா. "மாசம் ஒருதரம் யாருக்கும் தெரியாம பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைப் பார்த்துக்கினு போவாரு. குழந்தை பொறந்ததும் ஆஸ்பத்திரியிலேர்ந்து நான்தான் போன் பண்ணேன். வர்றேம்மா, வர்றேம்மான்னாரு. வரல. போனும் சுவிட்ச் ஆஃப். அப்பவே புரிஞ்சுபோச்சு. பேரனா இருந்தா வந்திருப்பாரு."

"உக்காரும்மா," என்றார் காதர் பாட்சா.

"பரவால்ல, சொல்லுங்க."

"உங்கப்பா வந்தாரும்மா. அப்பவே வந்தாரு. இந்தத் தெரு முனை வரைக்கும் வந்துட்டாரு."

அவர் மீதியைச் சொன்னார். மெதுவாக, ஒன்றையும் கூட்டாமல் சொன்னார். கலைப்பிரியா குழந்தையை இறக்கிவிட்டாள். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் வீடு பூட்டியிருந்தது, எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம், திரும்பி வந்தபோது யாரோ வெளியூர்க்காரர் லாரியில் அடிபட்டதாகச் சொன்னார்கள் என்றாள். "பாவம், யாரு பெத்த புள்ளையோன்னு சொன்னேன் சார். நானே சொன்னேன்."

பிறகு அவள் கேட்டாள். "இன்னா கொண்டாந்தாரு?"

வெண்ணிலா அவள் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "மல்லாட்டை. கேப்பை மாவு. ஒரு டப்பாவுல லேகியம்."

கலைப்பிரியா நிமிர்ந்தாள். "லேகியமா?"

"ஆமா. கடையில வாங்கினது இல்ல. வூட்ல கிண்டினதுன்னு நெனைக்கிறேன்."

"அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாதே," என்றாள் கலைப்பிரியா. "எங்க வூட்ல அதைக் கிண்டத் தெரிஞ்சது எங்கம்மா ஒருத்திக்குத்தான்."

வெண்ணிலா காதர் பாட்சாவைப் பார்த்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"பிரபாவதிம்மா, நீங்க திண்டிவனம் வரணும்."

"கலை வூட்டுக்காங்க?" என்றாள் பிரபாவதி.

*

பேருந்து நிலையத்திலிருந்து வெண்ணிலாதான் அவளைப் பைக்கில் அழைத்து வந்தாள். வழியில் எதுவும் சொல்லவில்லை, பிரபாவதியும் கேட்கவில்லை. வாசலில் மகளைப் பார்த்தாள். மகளுக்குப் பின்னால் வீட்டுக்குள் கண்ணை ஓட்டினாள். அங்கே யாரைத் தேடுகிறாள் என்று காதர் பாட்சாவுக்குப் புரிந்தது. இத்தனை வருட வேலையில் அவர் இவ்வளவு கஷ்டமான இடத்தில் நின்றதில்லை.

"அவரு இங்க இல்லீங்கம்மா," என்றார். உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

பிரபாவதி கத்தவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னது இதுதான்.

பேத்தி பிறந்த செய்தியை அவர் மாட்டுக்கொட்டகையில் நின்று ரகசியமாகப் போனில் பேசியபோது அவள் கேட்டுவிட்டாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மகள் போன அன்று, நீ செத்துட்டதா நெனச்சுக்கறேன் என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள்தான். எந்த முகத்தோடு கேட்பாள்? லேகியம் கிண்டி டப்பாவில் போட்டு அடுப்படித் திண்டில் வைத்தாள். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டார். அன்று போனவர் வரவில்லை. மகளோடேயே தங்கிவிட்டார், இனி தன் முகத்தில் விழிக்க அவருக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டாள். திண்டிவனம் என்று சொன்னால் முருகையனும் மற்றவர்களும் ஆளைக் கூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போவார்கள், கைகலப்பாகும். அதனால்தான் பாண்டிச்சேரிக்குப் போனதாக எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

"போலீஸ் கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன்," என்றாள். "நான் ஒரு வார்த்தை திண்டிவனம்னு சொல்லியிருந்தா, அவரை அநாதையா புதைச்சிருக்க மாட்டாங்க இல்லீங்களா?"

"நீங்க பொண்ணைக் காப்பாத்தணும்னு சொன்னீங்கம்மா," என்றார் காதர் பாட்சா.

கலைப்பிரியா அதுவரை சுவரோரம்தான் இருந்தாள். "நீயாவது ஒருதரம் வந்திருக்கலாமே," என்றாள்.

"அவரு உன்கூட இருக்காருன்னு நெனச்சுக்கினுதான் நான் தைரியமா இருந்தேன்டி. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணை இருக்கீங்கன்னு."

"நான் அவரு உன்கூட இருக்காருன்னு நெனச்சேன்."

கலைப்பிரியா வந்து அம்மாவின் தோளில் தலையை வைத்தாள்.

மாலையில் எல்லோரும் இடுகாட்டுக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் ஒரு மூலையைக் காட்டினார். அந்த வருடம் வந்தவர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான், இன்னார் இங்கே என்று சொல்ல முடியாது என்றார். முள்ளும் புல்லும் வளர்ந்த மண். பிரபாவதி அதன் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஓரிடத்தில் நின்று கும்பிட்டாள். அதுதான் இடம் என்று நினைத்து நின்றாளா, கால் வலித்து நின்றாளா, யாரும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் பிரபாவதியின் போன் அடித்தது. முருகையன். காதர் பாட்சா கை நீட்டினார். வேண்டுமானால் தானே பேசுவதாகச் சைகை செய்தார். அவள் தலையசைத்து மறுத்துவிட்டு ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"அண்ணி, வூடு பூட்டிக் கிடக்குது, எங்க இருக்கிற?"

"திண்டிவனத்துல."

"அங்க யாரு இருக்காங்க நமக்கு?"

பிரபாவதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த கலைப்பிரியாவின் கை அப்படியே நின்றது.

"எம் பொண்ணு வூட்ல இருக்கேன் முருகையா," என்றாள் பிரபாவதி. "உங்கண்ணன் செத்துட்டாரு. பேத்தியைப் பார்க்க வர்றப்ப செத்துட்டாரு. பங்காளிங்க எல்லாருக்கும் சொல்லிடு. காரியத்தை இங்க, என் பொண்ணு வாசல்லதான் பண்ணப் போறேன். வர்றவங்க இங்க வரட்டும்."